ஆளற்ற தளம்: மாதிரிக் கப்பல்களும் எதார்த்தத்தின் அளவுகோலும்

அந்தத் துருதான் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது. நங்கூரச் சங்கிலி வெளியே வரும் துளைக்குக் கீழே, வெள்ளையும் வெளிர்நீலமும் பூசிய கப்பலின் பக்கவாட்டில், செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்து, போகப்போக மெலிந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இல்லாமல் போகிறது. கடலில் பல மாதம் அலைந்த இரும்பின் தடம். ஆனால் அங்கே இரும்பே கிடையாது. அது பிளாஸ்டிக். துரு என்பது வண்ணச் சுண்ணக்கோலைச் சுரண்டிய தூளும் நீர்த்த எண்ணெய் வண்ணமும். ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் இங்கிலாந்தில் ஏதோவொரு பூங்காக் குளத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கரையில் ஒருவர் ரேடியோப் பெட்டியின் இரண்டு குச்சிகளைக் கட்டைவிரலால் அசைத்துக்கொண்டு நிற்கிறார். இந்த வீடியோவை எனக்குக் காட்டிய கவிஞர் நண்பர், 'வேலையத்தவன் வேலையப் பாருங்க' என்ற முன்னுரையோடுதான் காட்டினார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் முப்பது வருஷமாக வார்த்தைகளில் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையை இந்த மனிதர் கத்தியும் பசையும் கொண்டு ஒரு மேசைமீது போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பட்டது.

எதார்த்தவாதம் செத்துப்போய்விட்டது என்றொரு தரப்பு. எதார்த்தவாதம்தான் மக்கள் இலக்கியம், மற்றதெல்லாம் மேட்டுக்குடி மூளைப்பயிற்சி என்றொரு தரப்பு. நானும் ஒரு காலத்தில் முதல் தரப்பில் நின்று சத்தம் போட்டவன்தான். இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி எளிமையானது: ஒரு பிரதியில் குவிக்கப்படும் நுணுக்கம் என்ன வேலை செய்கிறது? எதைக் காட்டுகிறது என்பதல்ல, எதை இடம்பெயர்த்துவிட்டு அது அங்கே வந்து உட்கார்கிறது? மாதிரிக் கப்பல் கட்டுபவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பதில் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்பது வேறு.

மேலே சொன்னது பிளவர் வகுப்புக் கொர்வெட் என்ற போர்க்கப்பலின் மாதிரி. 1979இல் மேட்ச்பாக்ஸ் நிறுவனம் 1:72 அளவில் இதன் பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றது. அலமாரியில் வைப்பதற்காக வந்ததுதான். ஆனால் ஏராளமானோர் உள்ளே மோட்டாரும் பேட்டரியும் சுக்கானைத் திருப்பும் சர்வோவும் வைத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். அசல் கப்பல் திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. பெரிய கப்பல்தளங்கள் கிடைக்காத அவசரத்தில், சிறிய தளங்களிலும் கட்ட முடிகிற மாதிரி வரையப்பட்டது. சுமார் 62 மீட்டர் நீளம், 16 நாட் வேகம், சுமார் 85 ஆட்கள். 1940 தொடங்கி அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போனது. இருநூற்றுக்கும் மேல் கட்டப்பட்டவற்றில் இன்று எஞ்சியிருப்பது கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அருங்காட்சியகமாக நிற்கும் சாக்வில் ஒன்றுதான்.

இதைக் கட்ட உட்காருகிறவர் முதலில் செய்வது பெட்டியில் வந்தவற்றில் பாதியைத் தூக்கி எறிவது. பிளாஸ்டிக் கைப்பிடிக் கம்பி தடிமனாக இருக்கிறது. ஆகவே அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டில் முடி மாதிரிக் கம்பிகள் வாங்குகிறார். பிறகு ஆராய்ச்சி. எந்தக் கப்பல், எந்த வருஷம், முடிந்தால் எந்த மாதம்? தொடக்ககாலக் கொர்வெட்டுகளில் பாய்மரக் கம்பம் கட்டளைமேடைக்கு முன்னால் நின்றது, பிறகு பின்னால் போனது. முன்தளம் முதலில் குட்டையாக இருந்தது, பிறகு நீட்டினார்கள். நிறம் இன்னும் சிக்கல். எஞ்சியிருக்கும் புகைப்படங்களில் பெரும்பாலானவை கறுப்புவெள்ளை. சாம்பல் நிறத்தின் எந்தச் சாயை நீலம், எந்தச் சாயை பச்சை? இந்த வெள்ளை-வெளிர்நீலம்-வெளிர்பச்சை அலங்காரமே பீட்டர் ஸ்காட் என்ற ஓவியர் (பறவை ஆர்வலரும்கூட) கப்பலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதற்காகத் தந்த யோசனையிலிருந்து வந்தது. பார்வையிலிருந்து மறைவதற்காகப் பூசப்பட்ட நிறத்தை எண்பது வருஷம் கழித்து ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார். இப்படியொரு உழைப்பை நம் நாவலாசிரியர்களில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ரோலான் பார்த் 1968இல் எழுதிய 'எதார்த்த விளைவு' கட்டுரை நம் பக்கங்களில் பலமுறை எடுத்தாளப்பட்டதுதான். ஃப்ளாபேரின் கதையில் பியானோவின் மேல் தொங்கும் பாரமானி கதைக்கு எந்த வேலையும் செய்வதில்லை. 'நானே எதார்த்தம்' என்று அறிவிப்பதே அதன் ஒரே வேலை. கொர்வெட்டின் துருக்கோடும் இப்படித்தான். அது கப்பலை ஓடவைப்பதில்லை, மிதக்கவைப்பதில்லை. கரையில் நிற்பவரிடம் 'நம்பு' என்கிறது. ஆனால் பார்த் இங்கே போதவில்லை. பாரமானியை எழுதுவதற்கு ஃப்ளாபேர் பொய் சொல்ல வேண்டியதில்லை. மாதிரிக் கப்பல்காரர் பொய் சொல்லியே ஆகவேண்டும். அதுதான் இந்தக் கலையின் கணக்கு.

ஒரு ரிவெட்டின் தலை மூன்று சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 72ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டின் விளிம்பு 0.14 மில்லிமீட்டர். அளவு பிசகாமல் செய்தால் வண்ணம் பூசியதும் மறைந்துவிடும். ஆகவே ஊசிமுனையால் வெள்ளைப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து, உண்மையில் இருக்க வேண்டியதைவிடப் பெரிய ரிவெட்டுகளை வைக்கிறார்கள். நிறமும் அப்படித்தான். அசல் கப்பலுக்குப் பூசிய அதே வண்ணத்தை மாதிரிக்குப் பூசினால் அடர்த்தியாக, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு கப்பலை நாம் எப்போதும் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். நடுவே உள்ள காற்று நிறத்தை வெளுக்கவைக்கிறது. எனவே அந்தத் தூரத்தையும் சேர்த்துப் பூச வேண்டும்: வெள்ளையோ சாம்பலோ கலந்து, பளபளப்பை அறவே கொன்று. சுக்கானை அசலின் விகிதத்தில் செய்தால் கப்பல் சரியாகத் திரும்பாது, அதையும் பெரிதாக்குகிறார்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பதால் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆக, உண்மைபோலத் தோன்றுவதற்கு உண்மையை மீற வேண்டியிருக்கிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எல்லாக் கலையும் அதுதானே என்று நீங்கள் சொல்லலாம். நான் கவனிப்பது வேறு. இவர்கள் இதை ஒளிப்பதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு மீறினோம், ஏன் மீறினோம் என்று தங்களுக்குள் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். நம்முடைய எதார்த்தவாதியிடம் போய், 'இந்த ரிவெட் கொஞ்சம் பெருசா இருக்கே' என்று கேட்டுப்பாருங்கள். 'நான் பார்த்தேன், இருந்தது, எழுதினேன்' என்பார்.

இதற்கெல்லாம் மேலே தண்ணீர் இருக்கிறது. கப்பலை 72 மடங்கு சிறிதாக்கலாம், கம்பியைச் சிறிதாக்கலாம். தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. குளத்துத் தண்ணீரும் அட்லாண்டிக்கின் தண்ணீரும் அதே அளவுள்ள துளிகளாகத்தான் உடைகின்றன. அலை எழும்பும் விதத்தை ஒப்பிட்டால், மாதிரியின் வேகத்தை 72ஆல் அல்ல, 72இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 16 நாட் வேகம் அப்போது ஏறக்குறைய இரண்டு நாட் ஆகிறது, வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர். அப்படிப் போனால்தான் மூக்கின் முன்னே கிளம்பும் அலை அசலைப்போல இருக்கும். ஆனால் கரையில் நிற்பவர் கண் நீளத்தைத்தான் அளக்கிறது. அந்தக் கண்ணுக்கு வினாடிக்குப் பதினொரு சென்டிமீட்டரே சரி. அலை உண்மையானால் கப்பல் பறக்கிறது; கப்பல் கம்பீரமாகப் போனால் அலை செத்துப்போகிறது. காலமும் அந்த வர்க்கமூலத்தால்தான் சுருங்குகிறது. அசல் கப்பல் பத்து வினாடி எடுத்துக்கொண்டு சாய்ந்து நிமிர்ந்தால், மாதிரி ஒரு வினாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு தலையாட்டி பொம்மைபோல ஆடி முடித்துவிடுகிறது. சினிமாக்காரர்கள் மாதிரிக் கப்பலை வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டிக்காட்டுவது இதனால்தான். கரையில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. எடையைச் சரியாக வைப்பார், கனத்தை முடிந்தவரை அடியில் வைப்பார், காற்றில்லாத காலைவேளைக்காகக் காத்திருப்பார்.

இந்த வர்க்கமூலக் கணக்கைத் தந்தவர் வில்லியம் ஃப்ரூட். 1872இல் பிரிட்டிஷ் கடற்படையின் பணத்தில் டார்க்கீ நகரில் ஒரு நீண்ட தொட்டி கட்டி, அதில் மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்தார். அவருடைய மாதிரிகள் பாரஃபின் மெழுகால் ஆனவை. கம்பம் கிடையாது, பீரங்கி கிடையாது, ரிவெட் கிடையாது, துரு கிடையாது. வெறும் உடல். ஆனால் ஒரு கப்பல் கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்ற உண்மையைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் எந்த அலங்கார மாதிரியும் சொன்னதில்லை. அந்த அம்மண மெழுகு சொன்னது. நுணுக்கமும் உண்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. பார்வையின் எதார்த்தம் ஒன்று, இயக்கத்தின் எதார்த்தம் ஒன்று. ரேடியோக் கப்பல்காரர் இரண்டையும் ஒரே உடம்பில் வைக்கப் பார்க்கிறார், தினமும் தோற்கிறார். சர்வதேசப் போட்டிகளிலும் இந்த வகைக் கப்பலுக்கு இரண்டு தீர்ப்பு உண்டு. முதலில் மேசைமீது, வரைபடத்தோடும் புகைப்படத்தோடும் ஒப்பிட்டு. பிறகு தண்ணீரில், மிதவைகளுக்கு நடுவே ஓட்டிக்காட்டி. லூக்காச் 1936இல் 'சொல்வதா, வருணிப்பதா' என்று ஸோலாவின் குதிரைப் பந்தயத்தையும் டால்ஸ்டாயின் குதிரைப் பந்தயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். மேசைத் தீர்ப்பில் மட்டும் ஜெயிக்கிற நாவல்கள் நம்மிடம் எத்தனையோ உண்டு.

அதில் ஒன்றைப் புகழ்ந்து எழுதிய பாவம் எனக்கும் உண்டு. நெசவாளர் வாழ்க்கை பற்றிய நாவல். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, மிதி என்று தறியின் ஒவ்வொரு உறுப்பும் அதில் இருந்தது. 'நுணுக்கமான சித்திரிப்பு' என்று எழுதினேன். அந்த வார்த்தைகளை இன்று படிக்க வெட்கமாக இருக்கிறது. ஒரு வாசகர் கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றிப் பேசி முடித்ததும், முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். 'தம்பி, தறி நல்லா ஓடுதுங்க. ஒரு பிசகு இல்ல. நெய்யறவனத்தான் காணோம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஏதேதோ பதில் சொன்னேன். எழுதியவரின் கண்ணுக்கு இருந்த அளவுகோலில் நெசவாளி ஒரு உறுப்பாகக்கூட விழவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது கப்பலின் தளத்தைப் பாருங்கள். 85 பேர் இருந்த கப்பல். குளத்தில் போகும் மாதிரிகள் பலவற்றின் தளத்தில் ஒருவரும் இல்லை. இருந்தால் கட்டளைமேடையில் தொலைநோக்கியோடு ஓர் அதிகாரி, பீரங்கியருகே இரண்டு பேர். மறதியல்ல காரணம். இது அவர்கள் நன்றாக யோசித்து, வாதாடி வந்து நிற்கும் இடம். ஆளில்லாத கப்பல் பேய்க்கப்பல் மாதிரி இருக்கிறது என்பார் ஒருவர். ஆளை வைத்தால் கப்பல் பொம்மையாகிவிடுகிறது என்பார் இன்னொருவர். ஏனெனில் கப்பல் நகர்கிறது, ஆள் நகர்வதில்லை. கையைத் தூக்கிய மாலுமி ஒரு மணி நேரம் தூக்கிய கையோடேயே நிற்கிறான். துரு அசைய வேண்டியதில்லை, ரிவெட் அசைய வேண்டியதில்லை. மனிதன் ஒருவன்தான் அசைந்தாக வேண்டும். ஆகவே அவன் தளத்தில் ஏறிய கணத்தில் அத்தனை துருவின் உழைப்பும் பாழ். எதார்த்தத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மனிதனை இறக்கிவிட வேண்டும். இந்தக் கலையின் உச்சத் தர்க்கம் இதுதான். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இவ்வளவு நேர்மையாக இந்த இடத்துக்கு வந்துசேர்ந்த வேறு எதார்த்தவாதிகளை நான் பார்த்ததில்லை.

துருவையே எடுத்துக்கொள்வோம். அசல் கப்பலில் துரு என்பது காலத்தின் தடம் மட்டுமல்ல, அது ஒரு வேலை. சுத்தியலால் தட்டி, சுரண்டி, செந்நிற அடிப்பூச்சு பூசி, மேலே வண்ணம் அடித்து, அது காய்வதற்குள் அடுத்த பக்கம் துருப்பிடித்து... மாலுமியின் பகல் அதில் போகிறது. மாதிரியில் துரு இருக்கிறது, தட்டுகிறவன் இல்லை. உழைப்பு முழுவதும் கட்டியவரின் உழைப்பாக மாறிவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்து நாம் வியப்பது அவர் கையைத்தான், மாலுமியின் கையை அல்ல.

இன்னும் கூர்மையான உதாரணம், முன்பு சொன்ன குட்டை முன்தளம். மாதிரி கட்டுபவர்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம் அது: நீட்டப்பட்டதா, படாததா? அந்த நீளத்துக்குப் பின்னால் சோறு இருக்கிறது. தொடக்ககாலக் கொர்வெட்டுகளில் மாலுமிகள் தங்குமிடம் முன்பக்கம், சமையலறை பின்பக்கம். நடுவே திறந்த தளம். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அலையடிக்கும் அந்தத் தளத்தைக் கடந்து போக வேண்டும். போய்ச் சேரும்போது ஆறியிருக்கும், உப்புத் தண்ணீரில் நனைந்திருக்கும், சமயத்தில் போயே சேராது. இந்தக் கப்பல் ஈரப்புல்லில்கூட உருளும் என்பது மாலுமிகளின் கேலி. முன்தளத்தை நீட்டியதற்குக் கடலைத் தாங்கும் திறன், இடநெருக்கடி என்று காரணங்கள் உண்டு. நனையாத சோறும் அதனோடு வந்தது. மாதிரியில் இது பிளாஸ்டிக்கில் சில சென்டிமீட்டர். சரியாகச் செய்தவர் அந்தச் சோற்றைத் தெரிந்தே செய்திருக்கலாம். ஆனால் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. நுணுக்கம் சரியாக இருக்கிறது, அதன் வாய் மூடியிருக்கிறது.

போரின் முடிவையொட்டி இந்தக் கொர்வெட்டுகளில் நான்கு அரச இந்தியக் கடற்படைக்கு வந்து சிந்த், அஸ்ஸாம், மராட்டா, கோண்ட்வானா என்று பெயர் மாறின. யாராவது கோண்ட்வானாவைக் கட்ட நினைத்தால் பெயரையும் எண்ணையும் மாற்றினால் ஏறக்குறைய போதும். அவ்வளவுதான் வித்தியாசம் தெரியும். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் தல்வார் என்ற கரைத்தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கேவலமான சாப்பாடும் வெள்ளை அதிகாரிகளின் வசவும் அதன் உடனடிக் காரணங்கள். சில நாளில் அது கப்பல்களுக்கும் கரைத்தளங்களுக்கும் பரவி, கராச்சியில் ஹிந்துஸ்தான் கப்பல் பீரங்கிச் சண்டை வரைக்கும் போனது. ஒரு மாதிரிக் கப்பலில் இதை எப்படிக் காட்டுவது? கொடிக்கம்பத்தில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளைச் சேர்த்து ஏற்றலாம், வரலாற்றில் ஏற்றினார்கள். அப்போது பார்வையாளர், 'கொடி அளவுக்குச் சரியில்லையே, துணி விறைப்பாக நிற்கிறதே' என்பார்.

தொடக்கமே இப்படித்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ரேடியோவால் ஓட்டிய முதல் மாதிரிப் படகை 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா காட்டினார். அதே வருஷம் நவம்பர் 8 அன்று காப்புரிமையும் வாங்கினார். அந்த இரும்புத் தொட்டியில் எதார்த்தம் என்று ஒரு பொட்டுகூட இல்லை. அது எந்தக் கப்பலின் நகலும் அல்ல. ஆளில்லாமல் போய் வெடிக்கும் ஆயுதத்தின் முன்மாதிரி. அமெரிக்கா ஸ்பெயினோடு போரில் இருந்த வருஷம். கூட்டத்தில் யாரோ 64இன் கனமூலம் என்ன என்று படகைக் கேட்க, விளக்கு நாலுமுறை சிமிட்டியது என்றொரு கதை உண்டு. படகு யோசிக்கிறது என்று கூட்டம் வாய்பிளந்தது. சிமிட்டியவர் ஓரமாக நின்ற டெஸ்லா. ஆக, தளத்திலிருந்து மனிதனை இறக்குவது இந்தக் கலையின் குறைபாடு அல்ல, இந்தப் பொறியின் முதல் நோக்கமே அதுதான். நுணுக்கங்கள் பிறகு வந்து அந்த வெற்றிடத்தை அலங்கரித்தன.

இதற்கு நேர் எதிரான ஒரு குளமும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரில் பீஸ்ஹோம் பூங்கா. 1927 தொடங்கி கோடைகாலத்தில் அங்கே மாதிரிப் போர்க்கப்பல்களின் கடற்போர் நடக்கிறது. வெடி, புகை, கம்பியில் தொங்கி வரும் விமானம், எல்லாம் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1939இல் பிளேட் ஆற்றுமுகத்தில் நடந்த சண்டையையும் ஆடிக்காட்டினார்கள். கப்பல்கள் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். அவற்றில் பலவற்றை ஓட்டுவது ரேடியோ அல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள். நகரசபையின் ஊழியர்கள். புகைபோக்கிக்கும் கட்டளைமேடைக்கும் அடியில் தலையைக் குனிந்துகொண்டு, சந்து வழியாக வெளியே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கரையிலிருக்கும் ஜனத்துக்கு அவர்கள் தெரியக் கூடாது. தெரிந்தால் போர்க்கப்பலின் அளவு உடைந்து, தொட்டிக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதுதான் மிஞ்சும். பெஞ்சமினின் வரலாறு பற்றிய குறிப்புகளில் முதல் குறிப்பில் வரும் சதுரங்க எந்திரம் ஞாபகத்துக்கு வரும். அங்கே மேசைக்குள் ஒளிந்திருந்தவன் ஆட்டத்தை ஜெயிக்க வந்தவன். பீஸ்ஹோமில் உள்ளே இருப்பவர் முனிசிபல் சம்பளத்துக்கு, கோடை வெயிலில், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று ஏற்கெனவே முடிவான போரை ஓட்டுகிறார். எனக்கு இந்த இரண்டாவது ஆள் முக்கியமாகப் படுகிறார். எதார்த்தத்தின் தோலுக்கு உள்ளே உட்கார்ந்து அதை நகர்த்துகிறவர் அவர். அதே தோலின் நிமித்தம் மறைந்திருக்க வேண்டியவரும் அவரே.

அப்படியானால் மனிதர்களையே நுணுக்கமாக வைத்த மாதிரிக் கப்பல் எதுவுமே இல்லையா என்றால், இருந்தது. லிவர்பூலின் அடிமை வணிகக் கப்பல் புரூக்ஸ். 1788இன் சட்டம் அதில் 454 பேரை ஏற்ற அனுமதித்தது. அதற்கு முந்திய பயணமொன்றில் 609 பேரை ஏற்றியிருந்தார்கள். வளர்ந்த ஓர் ஆணுக்கு ஆறடி நீளம், ஓரடி நாலங்குல அகலம் என்று கணக்கிட்டு, அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அதன் தளங்களைப் படமாக வரைந்து அச்சிட்டார்கள். மரத்தில் சிறு மாதிரிகளும் செய்தார்கள். 1789இல் கிளார்க்சன் பாரிஸுக்குப் போனபோது மிராபோவுக்காக ஒன்று தயாரானது. வில்பர்போர்ஸ் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் காட்டிய ஒன்று இன்றும் ஹல் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாதிரியின் பெருமை ரிவெட்டிலோ கயிற்றிலோ இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே வரிசை வரிசையாக மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். மாதிரிக் கப்பல்களின் கணக்கை அது தலைகீழாக்கியது: கப்பலைக் குறைத்து ஆளை வைத்தது. அந்த மரத்துண்டு ஒரு சட்டத்தின் மீது மோதியது.

ஆனால் இங்கேயும் நின்று பார்க்க வேண்டும். அந்த உருவங்கள் எல்லாம் ஒரே அச்சு. முகம் கிடையாது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரும் கத்தவில்லை. அடிமைக் கப்பல்களில் கலகங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இப்படிச் சலனமற்றுப் படுக்கவைக்கப்பட்டார்கள். இரக்கப்படுகிறவரின் கண்ணுக்கு ஏற்ற அளவில் செய்த மனிதர்கள். ரிவெட்டைப் போலவே எண்ணக்கூடியவர்களாக ஆகிவிட்டார்கள். நம் இலக்கியத்தில் அடித்தட்டு மக்களை 'உள்ளது உள்ளபடி' காட்டுகிறேன் என்று கிளம்பிய பரிவுள்ள நாவல்களிலும் இதைப் பார்க்கலாம். நெய்யறவனக் காணோம் என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக அவனைக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிடுகிறார்கள். பெரியவர் கேட்டது அதையல்ல.

போன மாதம் கவிஞர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் வேறொரு வீடியோவைத் தேடிக் காட்டினார். நார்வேயின் யாரா பிர்க்லாண்ட் என்ற சரக்குக் கப்பல். 80 மீட்டர் நீளம், 120 பெட்டகங்கள், முழுக்க மின்கலத்தில் ஓடுவது. 2022இலிருந்து உர ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே போய்வருகிறது. தொடக்கத்தில் ஆட்களோடு, படிப்படியாக ஆட்களைக் குறைத்து, கடைசியில் கரையிலிருக்கும் அறையிலிருந்து கண்காணித்தபடி தானாகவே ஓடவிடுவது என்பது திட்டம். வீடியோவில் அதன் தளம் சுத்தமாக இருந்தது. கைப்பிடிக் கம்பிகள் நேர்த்தியாக இருந்தன. 'இது மாதிரியா, நிஜமா?' என்று கேட்டார். சட்டென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. படத்தை நிறுத்தி, மூக்கின் முன்னே எழும் அலையின் துளிகள் எவ்வளவு பெரிதாக உடைகின்றன என்று பார்த்துத்தான் சொன்னேன். அந்தக் கப்பலைப் பற்றி எழுதப்போகிறவர் தளத்தில் ஆளைத் தேடிப் பயனில்லை. கரையிலிருக்கும் அந்த அறைக்குத்தான் போக வேண்டும். இரவுமுறையில் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு எங்கிருந்து வருகிறது, சூடாக வருகிறதா என்று கேட்க வேண்டும்.